பெருந்தொற்றுக் காலத்தில் பணியிடம் வழியாகத் தடுப்பூசி: நோயாளர்களும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

பெருந்தொற்றுக் காலத்தில், தம்மிடம் வேலை செய்வோர் தடுப்பூசி செலுத்திக்கொள்ள வேலையளிப்பவர் செய்து தரும் ஏற்பாடுகள் அனைத்தையும் பணியிடத் தடுப்பூசி என்கிறோம். ஆலை வளாகத்திலேயே முகாம் நடத்துவது இதில் ஒரு வகை மட்டுமே. பெயர்ப் பட்டியல் தயாரித்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொடுப்பது, முகாம் நாளில் ஊதியத்துடன் விடுப்பு அளிப்பது, சென்று வர வண்டி ஏற்பாடு செய்வது, இரண்டாம் தவணைக்கான தேதியை நினைவூட்டுவது ஆகியவையும் இதில் அடங்கும். ஊசி செலுத்துவதும், யாருக்குச் செலுத்தலாம் என்று முடிவு செய்வதும் சுகாதாரப் பணியாளர்களின் பொறுப்பு. வேலையளிப்பவரின் பொறுப்பு உங்களை அந்த இடத்திற்குக் கொண்டு சேர்ப்பதோடு முடிகிறது.

உங்களுக்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு போன்ற நாள்பட்ட நோய் இருந்துகொண்டே நீங்கள் வேலைக்குச் செல்பவராக இருக்கலாம். அல்லது வீட்டில் அத்தகைய ஒருவரைப் பராமரித்துக்கொண்டு வேலைக்குச் செல்பவராக இருக்கலாம். இவ்விரு நிலையினருக்காகவே இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது பின்பற்றப்பட்ட விதிமுறைகள் இங்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுகின்றன. அடுத்து வரும் தொற்றுக்குத் தவணைகளும் இடைவெளிகளும் மாறும். ஆனால் தடுப்பூசிக்கும் தொழிலாளிக்கும் இடையே நிற்கும் தடைகள் பெரும்பாலும் மாறுவதில்லை.

2021-ஆம் ஆண்டு நடைமுறை

இந்தியாவில் கோவிட்-19 தடுப்பூசிப் பணி 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தோருக்கும், இணை நோய்கள் உள்ள 45 வயதைக் கடந்தோருக்கும், ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இந்த வயதினரில் பலர் அன்றாடம் வேலைக்குச் செல்பவர்கள் என்பதால், ஏப்ரல் 11 முதல் பணியிடங்களிலும் மையங்கள் அமைக்க ஒன்றிய அரசு அனுமதித்தது. தகுதியும் விருப்பமும் உள்ள ஏறத்தாழ 100 பேர் இருக்கும் அரசு, தனியார் பணியிடங்கள் இதற்குத் தகுதி பெற்றன. நிர்வாகத்தின் மூத்த பணியாளர் ஒருவர் பொறுப்பு அலுவலராக நியமிக்கப்பட வேண்டும். காத்திருக்கவும், ஊசி செலுத்தவும், அதன்பின் கண்காணிக்கவும் தனித்தனி இடம் வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனையுடன் இணைப்பு இருக்க வேண்டும். தொடக்கத்தில் பணியாளர்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. மே மாதப் பிற்பகுதியில்தான் அவர்தம் குடும்பத்தினரும் சார்ந்திருப்போரும் சேர்க்கப்பட்டனர். நோயுற்ற தாயையோ தந்தையையோ வைத்துக்கொண்டு வேலைக்குச் செல்வோருக்கு இந்த மாற்றம் பெரிதும் பயன்பட்டது.

தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயது வரையிலானோருக்கான தடுப்பூசிப் பணியை முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் 2021 மே 20 அன்று திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் தொடங்கி வைத்தார். இளம் வயதினர் கூட்டமாக வேலை செய்யும் ஒரு தொழிற்பகுதி அத்தொடக்கத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. ஜூன் 21 முதல் 18 வயது நிறைந்த அனைவருக்கும் அரசு மையங்களில் ஒன்றிய அரசின் தடுப்பூசி இலவசமாகக் கிடைத்தது. செப்டம்பர் 12 முதல் மாநிலம் முழுவதும் மாபெரும் தடுப்பூசி முகாம்கள் தொடர்ந்து நடத்தப்பட்டன.

பணியிடம் வழியாகத் தொற்றை மறிப்பது இந்தியாவிற்குப் புதிதன்று. 1974-இல் பெரியம்மை பரவியபோது, வேலை தேடி வந்தோரும் ஊர் திரும்பியோரும் டாட்டாநகர் தொடர்வண்டி நிலையம் வழியாக நோயை வெகுதொலைவு கொண்டு சென்றனர். அப்போது டாடா நிறுவனம் தன் பணியாளர்களையும் வாகனங்களையும் தந்து, உலக சுகாதார நிறுவனத்துடனும் அரசுடனும் இணைந்து, ஆலையைச் சுற்றிய ஊர்களிலும் நோயாளிகளைத் தேடித் தடுப்பூசி செலுத்தத் துணை நின்றது. மறு ஆண்டே இந்தியாவில் பெரியம்மை முடிவுக்கு வந்தது.

மணவாளக்குறிச்சியில் வேலையளிப்பவர் யார்?

மேற்கண்ட விதிமுறையில் 100 பேர் என்ற அளவு எளிதாகத் தோன்றும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், வள்ளியாறு கடலில் கலக்கும் பகுதியை ஒட்டியுள்ள மணவாளக்குறிச்சியை எடுத்துக்கொண்டு பாருங்கள். இங்குள்ள மணலில் மோனசைட் இருப்பது 1909-இல் கண்டறியப்பட்டது முதல், மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் ஆலை இவ்வூரின் அடையாளமாக உள்ளது. இன்று அது ஐ.ஆர்.இ.எல். என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் பிரிவு. அத்தகைய இடத்தில் வாயில் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, மனிதவள அலுவலகம் உண்டு. ஒரு சுற்றறிக்கை போதும். ஆனால் இவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை செய்வோரில் ஏராளமானோரின் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. கொத்தனாரும் கையாளும் இன்று ஒரு வீட்டில், அடுத்த வாரம் வேறொரு வீட்டில் வேலை செய்கின்றனர். கடைச் சிப்பந்தி, தென்னை ஏறுபவர், கயிறு திரிக்கும் பெண், வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் ‘என் முதலாளி இவர்’ என்று ஒருவரைச் சுட்டுவதே கடினம்.

அத்தகையோருக்கு வேலையளிப்பவர் என்ற சொல்லைச் சற்று அகலமாகப் பொருள் கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை சொல்பவரும் கூலி தருபவரும் யாரோ, அவரே இவ்விடயத்தில் உங்கள் வேலையளிப்பவர்: ஒப்பந்தக்காரர், மேஸ்திரி, படகு உரிமையாளர், கடைக்காரர். இவர்கள் எவரிடமும் தனியாக 100 பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு தெருவின் கடைக்காரர்கள், ஒரு துறையின் படகு உரிமையாளர்கள், ஒரு பகுதியின் கட்டட ஒப்பந்தக்காரர்கள் எனச் சிலர் சேர்ந்து ஒரே பட்டியலாகக் கொடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. பட்டியலைப் பேரூராட்சி அலுவலகத்திலோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமோ, அப்பகுதிச் சுகாதார ஆய்வாளரிடமோ அளிக்கலாம். பெயர், வயது, கைபேசி எண், எந்த நாளில் எந்த நேரத்தில் வர இயலும் ஆகிய நான்கு விவரங்கள் போதுமானவை. நோய் விவரம் அதில் இடம்பெறக் கூடாது. காரணம் பின்னர் விளக்கப்படுகிறது.

ஊர்வழக்கில் அண்டியாபீஸ் எனப்படும் முந்திரிப் பருப்பு ஆலைகள் இம்மாவட்டத்தில் பல உள்ளன. அவற்றில் வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள். எவ்வளவு உடைத்தார்கள், எவ்வளவு தோல் நீக்கினார்கள் என்ற எடைக் கணக்கில் கூலி பெறுபவர்கள். இவர்களுக்கு ‘விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது, ‘இன்றைய கூலியை விட்டுவிடுங்கள்’ என்று சொல்வதற்குச் சமம். ஊசிக்கு மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் இரண்டு நாள் கூலி போகும். வீட்டில் நோயாளிக்கு மருந்து வாங்குவதும் அந்தக் கூலியில்தான் என்றால், அப்பெண் ஊசியைத் தள்ளிப்போடுவதை அறியாமை என்று எவரும் சொல்லிவிட முடியாது. அவர் கணக்குப் போட்டுத்தான் தள்ளிப்போடுகிறார். எனவே எடைக் கூலி தரும் ஆலைகளில் வாராந்திர விடுமுறைக்கு முந்தைய நாள் பிற்பகலில் முகாம் வைப்பதும், அன்றைய நாளுக்குச் சராசரிக் கூலி தருவதும் விழிப்புணர்வுப் பதாகைகளைவிட அதிகம் பயன் தரும்.

மீன்பிடித் தொழிலில் நாட்காட்டியே முதன்மையானது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள். குளச்சல், முட்டம் துறைகளில் படகுகள் கட்டப்பட்டிருக்கும் அந்நாட்கள் தடுப்பூசிக்கு ஏற்றவை என்று எவருக்கும் தோன்றும். முதல் தவணைக்கு அது சரி. ஆனால் 2021 மே மாதத்திலிருந்து கோவிஷீல்டு தடுப்பூசியின் இரு தவணைகளுக்கு இடையே 12 முதல் 16 வாரங்கள் இடைவெளி வேண்டும் என விதிக்கப்பட்டிருந்தது. ஜூன் 1 அன்று முதல் தவணை பெற்றவருக்கு இரண்டாம் தவணை மிக விரைவாகக் கிடைத்தாலும் ஆகஸ்ட் 24. அதற்குள் படகு ஆழ்கடலில் இருக்கும். நான்கு வார இடைவெளி கொண்ட கோவேக்சின் என்றால் இரு தவணைகளும் தடைக்காலத்திற்குள் முடிந்துவிடும். ஆகவே தடுப்பூசி வகையும் இடைவெளியும் அறிவிக்கப்பட்டவுடன், படகு உரிமையாளர் இரண்டாம் தவணைத் தேதியைப் படகு புறப்படும் தேதியுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் செல்வோருக்குத் தடைக்காலம் பொருந்தாது. அவர்களுக்குக் கரை திரும்பி மீன் விற்று முடியும் நேரமே முகாம் நேரம். கடற்கரை ஊர்களில் ஞாயிறு திருப்பலி முடிவில் பங்குத்தந்தை சொல்லும் அறிவிப்பு, நாம் ஒட்டும் சுவரொட்டியைவிட விரைவாகப் பரவும் என்பதையும் முகாம் ஏற்பாட்டாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

செங்கல் சூளை, உணவகம், கட்டடப் பணி ஆகியவற்றில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் உள்ள இடங்களில் அவர்தம் மொழி அறிந்த ஒருவர் முகாமில் இருப்பது கட்டாயத் தேவை. ஒவ்வாமை உண்டா என்ற கேள்விக்கு, புரியாமல் தலையாட்டுவது ஆபத்தானது. அடையாள அட்டை இல்லாதோரையும் விட்டுவிடக் கூடாது. அத்தகையோருக்கான தனி நடைமுறையை 2021 மே மாதத்திலேயே ஒன்றிய அரசு வெளியிட்டது.

வேலையளிப்பவரிடம் நீங்கள் கேட்கக் கூடியவை

முதலாவது, நேரம். ஊசிக்குச் சென்று வரும் நேரமும், மறுநாள் உடல்நலம் குன்றினால் அந்நாளும் ஊதியத்துடன் கணக்கிடப்படுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்கள், ‘அதிலிருந்து கிடைத்துவிடும்’ என்று எண்ணுவதுண்டு. அத்திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்கு வழங்கப்படுவதில்லை; ஊசிக்குப் பிந்தைய ஒருநாள் காய்ச்சலுக்கு அது ஈடாகாது. எனவே இச்செலவை வேலையளிப்பவர் ஏற்பதே சரி. அமெரிக்காவில் 2021-இல், 500 பேருக்குக் குறைவான பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் தடுப்பூசிக்காக அளித்த ஊதிய விடுப்பை அரசு வரிச் சலுகையாக ஈடுகட்டியது. நம்மிடம் அத்தகைய ஏற்பாடு இல்லையெனினும், ஒரு பணியாளர் நோயுற்று இரு வாரங்கள் வராமல் போவதையும், உடன் வேலை செய்வோருக்குத் தொற்றுவதையும் எண்ணிப் பார்த்தால் ஒருநாள் கூலி பெரிய தொகையன்று. இதை உங்கள் வேலையளிப்பவரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

இரண்டாவது, பதிவு. பலரிடம் தனிக் கைபேசி இல்லை. கோவின் தளத்தில் தொடக்கத்தில் ஒரு கைபேசி எண்ணில் நால்வர் வரை பதிவு செய்ய முடிந்தது. 2022 ஜனவரியில் அது ஆறு பேராக உயர்த்தப்பட்டது. மேற்பார்வையாளரின் எண்ணிலோ பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணிலோ உங்கள் பெயரைப் பதிவு செய்தால், இரண்டாம் தவணைக்கான குறுஞ்செய்தியும் சான்றிதழுக்கான கடவு எண்ணும் அவருக்கே செல்லும். குடும்பத்தினர் ஒருவரின் எண்ணைக் கொடுப்பது நல்லது. எந்த எண்ணைக் கொடுத்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அன்றைய வேலை. ஊசி செலுத்திய நாளில் சாரத்தில் ஏறும் வேலை, தென்னை ஏறுதல், இரவுப் பணியில் வண்டி ஓட்டுதல் ஆகியவற்றைத் தவிர்த்துத் தரையில் செய்யும் இலகுவான வேலை தருமாறு கேளுங்கள். தலைச்சுற்றல் சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும் வருவதுண்டு.

உடல்நிலையை யாரிடம் சொல்வது?

முகாமில் உள்ள செவிலியரிடமும் மருத்துவரிடமும் அனைத்தையும் சொல்லுங்கள். வேலையளிப்பவரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையில்லை. ‘மருத்துவ ஆலோசனையின்படி இப்போது செலுத்திக்கொள்ள இயலாது, இந்தத் தேதிக்குப் பின் இயலும்’ என்ற அளவே அவருக்குப் போதும். முகாமைப் பணியிடத்தில் நடத்தும்போது இந்த எல்லை எளிதில் மங்கிவிடுகிறது. மேற்பார்வையாளர் அருகில் நிற்க, வரிசையில் பத்துப் பேர் கேட்க, ‘உங்களுக்கு என்ன நோய்?’ என்று வினவப்பட்டால் பலர் ‘ஒன்றுமில்லை’ என்றே விடையளிப்பர். காசநோய்க்கு மருந்து உட்கொள்பவரும் கருவுற்றிருப்பதை இன்னும் வெளியில் சொல்லாத பெண்ணும் அவ்வாறே சொல்வர். எனவே வினவும் இடம் திரையால் மறைக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறைவிடம் இல்லையெனில் அங்கு செலுத்திக்கொள்ளாமல், அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செலுத்திக்கொண்டு சான்றிதழை மட்டும் காட்டலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ளோரைப் பொறுத்தவரை சட்டமே தெளிவாக உள்ளது: 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017-இன்படி, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுமாறு கட்டாயப்படுத்துவதும் அதன் பொருட்டு வேலையில் பாகுபாடு காட்டுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன.

கோவிட்-19 காலத்தில், முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கு அதே தடுப்பூசி மீண்டும் செலுத்தப்படவில்லை. கோவிட் தொற்றிலிருந்து குணமடைந்தோருக்கு, 2021 மே மாத வழிகாட்டுதலின்படி, மூன்று மாதங்கள் கழித்தே செலுத்தப்பட்டது. பாலூட்டும் தாய்மார்களுக்கு மே மாதத்திலும் கருவுற்ற பெண்களுக்கு ஜூலை மாதத்திலும் அனுமதி வழங்கப்பட்டது. இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் அதைத் தாமாக நிறுத்தாமல், செவிலியரிடம் முன்னரே தெரிவித்து, ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை முகாம் நாளிலும் வழக்கம்போல் உட்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டாம். இரத்தச் சுத்திகரிப்பு, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், எந்த நாளில் ஊசி ஏற்றது என்பதைத் தமக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டபின் பட்டியலில் தேதியைக் குறிப்பிட வேண்டும்.

நீங்களே வேலையளிப்பவராக இருக்கலாம்

இது பலரும் எண்ணிப் பாராத ஒன்று. படுக்கையில் இருக்கும் முதியவரைக் கவனித்துக்கொள்ள உதவியாளர் ஒருவரை மாத ஊதியத்திற்கு அமர்த்தியிருந்தாலோ, வீட்டு வேலைக்கு ஒருவர் வந்து சென்றாலோ, இப்பக்கத்தில் வேலையளிப்பவருக்குச் சொல்லப்பட்ட அனைத்தும் உங்களுக்கே பொருந்தும். உங்கள் நோயாளரை நாள்தோறும் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டி உணவூட்டுபவர் அவர். அவருக்கு ஒருநாள் விடுப்பு அளித்தால் அன்று நோயாளரைப் பார்க்க ஆள் இல்லை என்ற இடர்ப்பாடு உண்மையானதே. அதனால்தான் வீட்டுப் பணியாளர்களின் தடுப்பூசி பல வீடுகளில் ‘அடுத்த வாரம்’ எனத் தள்ளிப் போகிறது. குடும்பத்தினர் ஒருவர் வீட்டில் இருக்கும் நாளை முதலில் முடிவு செய்து, அந்நாளை உதவியாளரின் ஊசிக்கு ஒதுக்குங்கள். மறுநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தால் நோயாளரின் அருகில் அவர் இருக்க வேண்டியதில்லை. அந்நாளின் ஊதியத்தைக் குறைக்கவும் வேண்டாம். அவர் வேறு இரண்டு வீடுகளிலும் வேலை செய்பவரானால், அவ்வீட்டாருடன் பேசி ஒரே நாளை அனைவரும் ஒப்புக்கொள்வது அவருக்குப் பேருதவி.

நோயாளரைப் பொறுத்தவரை, நடமாட இயலாதோருக்கு வீட்டிற்கே வந்து செலுத்த 2021 செப்டம்பரில் ஒன்றிய அரசு வழிவகுத்தது. அத்தகைய தேவை இருந்தால் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவியுங்கள். அவர் வீட்டிற்கு வரும் நாளிலேயே பராமரிப்பாளருக்கும் செலுத்த இயலுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டாயப்படுத்தலாமா?

இக்கேள்வி இம்மண்ணில் பழையது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியாக இருந்தது. திருவிதாங்கூர் அரசு 1879-இல் வெளியிட்ட பிரகடனத்தின் வழியாக அரசு ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் சிறைக் கைதிகளுக்கும் அம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அரசு தன்னிடம் வேலை செய்வோரிடமிருந்தே தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

இன்றைய நிலை வேறு. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று அளித்த தீர்ப்பில், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின்படி எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி செலுத்த முடியாது என உச்ச நீதிமன்றம் கூறியது. அதே வேளை, பொது நலன் கருதி அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம். ஆனால் அவை சூழலுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றும், தொற்று குறைந்திருந்த அந்நாளில் தடுப்பூசி செலுத்தாதோர் மீதான கட்டுப்பாடுகள் அந்த அளவைக் கடந்தவை என்றும் தெரிவித்தது. அரசின் தடுப்பூசிக் கொள்கையை அது தவறெனக் கூறவில்லை.

நடைமுறையில் இதன் பொருள்: ‘ஊசி போட்டுக்கொண்டால்தான் நிலுவைக் கூலி’ என்று எவரும் சொல்லக் கூடாது. அவ்வாறு சொல்லப்பட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் நோயாளர்களின் பாதுகாப்புக் கருதி, தடுப்பூசி செலுத்தாத ஒருவரை வேறு பணிக்கு மாற்றுவது வேறு விடயம்; அங்கு நோயாளியின் உயிரும் எண்ணிப் பார்க்கப்பட வேண்டியதே. மிரட்டலின் பேரில் பெறப்படும் முதல் தவணை பெரும்பாலும் இரண்டாம் தவணைக்குத் திரும்பி வராது என்பதை வேலையளிப்போர் உணர வேண்டும்.

ஊசிக்குப் பின்

ஊசி செலுத்தியபின் 30 நிமிடங்கள் கண்காணிப்பு அறையில் அமர்ந்திருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் பணியிட முகாம்களில் மீறப்படுவது இவ்விதியே. கடும் ஒவ்வாமை ஏற்படுமானால் பெரும்பாலும் இந்த நேரத்திற்குள்தான் ஏற்படும். அப்போது மருத்துவர் அருகில் இருந்தால் உடனே சிகிச்சை அளிக்க முடியும்.

ஊசி போட்ட இடத்தில் வலி, காய்ச்சல், சோர்வு, தலைவலி ஆகியவை ஓரிரு நாட்களில் தணியும். தேவையெனில் மருத்துவர் கூறிய அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். கோவிட்-19 தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாக இரத்த உறைவு ஏற்பட்டதை அரசு மறைக்கவில்லை: தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு 2021 மே மாதத்தில், இந்தியாவில் பத்து இலட்சம் தவணைகளுக்கு 0.61 என்ற விகிதத்தில் அது இருந்ததாகத் தெரிவித்தது. ஊசிக்குப் பின் 20 நாட்களுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கை அல்லது கால் வீக்கம், ஊசி போட்ட இடத்தைத் தாண்டித் தோலில் ஊசிமுனை அளவிலான சிவப்புப் புள்ளிகள், தொடர் வயிற்றுவலி, விடாத கடும் தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அப்போது அறிவுறுத்தப்பட்டது. கடலுக்குச் செல்வோர் இவ்வறிகுறிகளை உடன் வருவோரிடமும் சொல்லி வைப்பது நலம்.

நடிகர் விவேக் அவர்கள் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி செலுத்திக்கொண்டு, ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் மறைந்தபோது தமிழ்நாடெங்கும் பலர் அஞ்சித் தயங்கினர். அவரது மறைவிற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை எனத் தேசியக் குழு ஆய்வு செய்து அறிவித்தது அக்டோபரில்தான். இடைப்பட்ட ஆறு மாதங்களில் பணியிடங்களில் எழுந்த அச்சத்திற்கு அந்தந்த இடத்திலேயே விடை சொல்ல வேண்டியிருந்தது. அத்தகைய வேளைகளில், உடன் வேலை செய்யும் ஒருவர், தாம் செலுத்திக்கொண்டபின் என்ன நேர்ந்தது என்று உள்ளபடி சொல்வதே கேட்கப்படுகிறது. வேலையளிப்பவர் அதற்கு வாய்ப்பளித்து, மருத்துவ அலுவலரையும் ஒருமுறை அழைத்து வினாக்களுக்கு விடையளிக்கச் செய்யலாம். அஞ்சுபவரைப் பிறர் முன்னிலையில் கேலி செய்வது அவரை மேலும் விலக்கும்.

சான்றிதழும் வெளிநாட்டுப் பயணமும்

இம்மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். 2021 ஜூன் 7 அன்று வெளியான நடைமுறையின்படி, கல்வி, வேலை ஆகியவற்றிற்காக வெளிநாடு செல்வோர் 84 நாட்கள் காத்திராமல் 28 நாட்களுக்குப் பின்னரே கோவிஷீல்டு இரண்டாம் தவணை பெற முடிந்தது. அவர்தம் சான்றிதழில் கடவுச்சீட்டு எண் சேர்க்கப்பட்டது. இத்தகைய விலக்குகள் எப்போதும் அறிவிப்பின் வழியாகவே வரும். பயணத் தேதி உறுதியானவுடன் வேலை ஆணையையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு தடுப்பூசி மையத்தில் கேளுங்கள்.

சான்றிதழின் அச்சுப்படி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; மூலத்தை வேலையளிப்பவரிடம் விட்டு வைக்க வேண்டாம். பெயரோ பிறந்த ஆண்டோ கடவுச்சீட்டில் உள்ளதிலிருந்து வேறுபட்டிருந்தால், பயணத்திற்கு முன்பே திருத்தக் கோருங்கள். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.